சிலை எதிரில்

பதினோரு வருடமாக இங்கே ஜெராக்ஸ் கடை.
பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததில்லை.
"செலைக்கு எதிர்ல" என்றால் போதும்,
ஓட்டேரியில் ஷேர் ஆட்டோ தானாக நிற்கும்.

கண்ணாடிக்குக் கீழே
பச்சை வெளிச்சம் ஒருமுறை நகர்ந்தால்
ஒரு மனிதர் இரண்டாவார்.
நூர்ஜகான், க/பெ. அப்துல் கஃபூர், சிலை எதிரில்.
தேவநேசன், த/பெ. ஆசீர்வாதம், சிலை பின்புறம்.
கன்னிகா, பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி ஒன்று,
சிலை அருகில்.
ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கேஸ் புத்தகம்,
எதை எடுத்தாலும்
பெயருக்கும் பின்கோடுக்கும் நடுவே
அவர் நிற்கிறார்,
ஒரு கை உயர்த்தி.

என்ன செய்தவர்? தெருவுக்கு ஒரு கதை.
மில் கதவடைப்பில் முதல் தடியடி
அவர் மண்டையில்தான் என்பான் தேவநேசன்.
உப்பெடுக்க நடந்தவர், பாதி வழியில்
காய்ச்சலில் போனவர் என்பார் பேப்பர் கடைக்காரர்.
பீடத்தில் பதித்த பித்தளை எழுத்துகள்
ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்
மிச்சம் இருந்தது
"...க்காக ...ர் ...ந்தவர்."
நாட்டுக்காக உயிர் தந்தவர் என்று படித்தோம்.
கன்னிகா ஒருநாள்
கூலிக்காக ஊர் துறந்தவர் என்று படித்தாள்,
எங்கப்பா மாதிரி, என்றாள்.
எழுத்து சரியாகத்தான் பொருந்தியது.

மெட்ரோவுக்கு மண் தோண்டிப் பார்த்த மறு வாரம்
ராத்திரி இரண்டு மணிக்கு கிரேன் வந்தது.
"கழுத்துல வேணாம் சார், கக்கத்துல கட்டுங்க!"
கத்தியவர் கோதண்டம்.
மாலை போட வருபவர்களுக்கு ஏணி பிடிப்பவர்,
தினக்கூலி.
வருடத்தில் இரண்டு நாள்
மந்திரிகளின் குதிகால் அவர் கண்ணுக்கு நேரே.

ஆகஸ்டில் பிறந்த நாள் வந்துவிட்டது. சிலை வரவில்லை.
பச்சைத் தகரங்களுக்கு நடுவே பீடம்,
பல் பிடுங்கிய ஈறு.
அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் படம்.
யார் முதலில் என்று தள்ளுமுள்ளு.
ஒன்பதரைக்கு இவர்கள், பத்தே காலுக்கு அவர்கள் என்று
போலீஸ் நேரம் பிரித்தது.

கோதண்டம் பழக்கத்தில்
ஏணியைப் பதினாலடிக்கும் நீட்டிவிட்டார்.
வந்தவரும் பழக்கத்தில் ஏறிவிட்டார்.
மேலே போய்
ரோஜா மாலையோடு நின்றார்,
கழுத்து இருந்த உயரத்தில்.

யாரும் சிரிக்கவில்லை.
நாற்பது செல்போன்கள் உயர்ந்து
அந்தக் காற்றைப் படம் பிடித்தன.
"வாழ்க" என்றார் யாரோ.
நானும் "வாழ்க" என்றேன்.
தொண்டை ஏன் அடைத்தது என்று
இன்னும் தெரியவில்லை.

கிடங்கில் பார்த்தேன் என்றார் கோதண்டம்,
டீயை ஆற்றிக்கொண்டே.
மல்லாக்கப் படுத்திருக்கிறாராம்.
உயர்த்திய விரல் கூரை ஓட்டையைக் காட்டுகிறதாம்.
அதே தார்ப்பாயின் கீழ், பக்கத்திலேயே,
பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கும்பிடும்
இன்னொருவர்.
இத்தனை வருடம் கம்பிக்கூண்டுக்குள் நின்றவர்
இப்போது கூண்டில்லாமல்.
"தோளும் தோளும் இடிச்சிக்கினு கெடக்குதுங்க,
ஒரு சத்தம் கெடையாது."

இந்த இருவர் பேரால்
ஒரு மாசி மாதம் மூன்று கடை எரிந்தது.
ஒன்று என்னுடையது.
டீ ஆறிப்போனது. வேறென்ன சொல்ல.

நேற்று கன்னிகா மகளுக்கு ஆதார் மாற்ற வந்தாள்.
மெட்ரோ அருகில் என்று போடட்டுமா என்றேன்,
நிலையத்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.
"செலை எதிர்லன்னே போடுண்ணா.
போஸ்ட்மேனுக்கு அதான் தெரியும்."

"எந்தச் செலைம்மா?" என்றது குழந்தை.
நாலு வயது, அது பார்த்ததே தகரம்தான்.

கன்னிகா சில்லறை எண்ணிக்கொண்டே
ஒரு கையை உயர்த்தி
அந்தப் பக்கம் காட்டினாள்.

குழந்தை தகரத்தைப் பார்க்கவில்லை.
அம்மாவின் கையைப் பார்த்தது.

ரெண்டு காப்பி போதுமா என்று கேட்டேன்.